இணையத்தளத்தின் உறுதி யார் பெயரில் இருக்கிறது?

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ் எடுத்தால், உப்பளங்களையும் வெங்காயத் தோட்டங்களையும் கடந்து குடாநாட்டின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் முதலில் கிடுகுக் கொட்டில்களிலும் பிறகு கல் வீடுகளிலுமாக வாழ்ந்துவரும் கிராமங்கள் அங்கே பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்திக்கப் போயிருந்தேன். விட்டுவந்த ஊரின் பெயரில் அங்கே இயங்கும் சிறிய சங்கமொன்றின் செயலாளர் அவர்.

பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். காணி உறுதி, பழைய பங்கீட்டு அட்டை, முகாம் பதிவு, பாடசாலைச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. முப்பது வருடங்களுக்கு மேலாக மழைக்கும் கறையானுக்கும் கொடுக்காமல் காத்துவந்த பை. பிறகு தனது கைத்தொலைபேசியைக் காட்டினார்.

“வீடு போயிட்டுது. ஆனா உறுதி கையில இருக்கு தம்பி. இதில நாங்க போட்டதுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்ல.”

அவர் சொன்னது சங்கத்தின் இரண்டு இழப்புகளைப் பற்றி. சில வருடங்களுக்கு முன் இளைஞர்கள் காசு சேர்த்து, நகரத்திலிருந்த ஒரு கணினிக் கடையில் இணையத்தளமொன்றைச் செய்வித்திருக்கிறார்கள். கடைக்காரர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். தளத்தின் பெயரைப் பதிந்தவர் அவர், கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. ஆண்டுக் கட்டணம் கட்டப்படாததால் பெயர் காலாவதியாகி, யாரோ அதை வாங்கிவிட்டார்கள். இன்று அந்த முகவரிக்குப் போனால் சூதாட்ட விளம்பரங்கள்தான் வருகின்றன.

இரண்டாவது இழப்பு, ஒரு சமூக வலைத்தளப் பக்கம். கட்டாரில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரின் கணக்கில் அது இயங்கியது. ஊரின் பழைய பாடசாலைப் படங்கள், கந்தூரிப் படங்கள், மரண அறிவித்தல்கள், வெளியேற்றத்தைப் பற்றி மூத்தவர்கள் பேசிய ஒலிப்பதிவுகள் எல்லாம் அங்கே இருந்தன. கணக்கு திருடப்பட்டது, பக்கமும் அதனோடு போனது. தொலைபேசியில் இடமில்லை என்று பலர் தங்களிடமிருந்த மூலப்படங்களை ஏற்கெனவே அழித்திருந்தார்கள். பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

நான் உடப்பைச் சேர்ந்தவன். ஊடகக் கற்கைகள் படித்துவிட்டு சுயாதீனமாகச் செய்தி எழுதுபவன். மென்பொருள் பொறியியலாளன் அல்ல. ஆனால் இணையத்தளம் நடத்தப் பழகியிருக்கிறேன், பிழைவிட்டுத்தான் பழகினேன். அன்று தொடங்கி சில மாதங்கள் அந்தச் சங்கத்துக்குப் புதிய தளமொன்றை அமைக்க உதவினேன். அதில் நாங்கள் கற்றவற்றைப் போரில் எல்லாவற்றையும் இழந்த, எஞ்சியதை எங்காவது பத்திரமாக வைக்க நினைக்கும் எல்லா ஊர்ச் சங்கங்களுக்காகவும் எழுதுகிறேன்.

வாடியும் காணியும்

எங்கள் கரையில் பருவத்துக்கு வந்து தொழில் செய்பவர்கள் வாடி அடிப்பார்கள். கிடுகும் தடியும் அவர்களுடையவை, நிலம் அவர்களுடையதல்ல. இடத்துக்குரியவர் எழும்பச் சொன்னால் எழும்பவேண்டும். சமூக வலைத்தளப் பக்கம் அப்படியான ஒரு வாடி. அதில் நாம் போடும் படமும் எழுத்தும் நம்முடையவை. அவை கிடக்கும் இடமும், அங்குள்ள சட்டமும், கதவின் திறப்பும் வேறொருவருடையவை.

சொந்த இணையத்தளம் காணி வாங்கி வீடு கட்டுவதைப் போன்றது. ஆனால் காணியிலும் ஒரு விடயம் இருக்கிறது. உறுதி யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது? கடைக்காரரின் பெயரில் எழுதினால் அந்தச் சங்கத்துக்கு நடந்ததுதான் நடக்கும். மேசன் வைத்த கல்லை மேசன் மட்டுமே கழற்றலாம் என்ற வகையில் வீடு கட்டினாலும் அதே நிலைதான். திறந்த மூல மென்பொருள் முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்றால் என்ன?

இணையத்தின் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிக் கோப்பாகக் கையால் எழுதவேண்டியிருந்தது. தளத்தில் நூறு பக்கங்கள் இருந்து, சங்கத்தின் தொலைபேசி இலக்கம் மாறினால், நூறு கோப்புகளையும் திறந்து திருத்தவேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் இருப்பார்.

உள்ளடக்க முகாமைத்துவ முறைமை, ஆங்கில எழுத்துகளில் சிஎம்எஸ், இந்த வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. எழுத்தும் படமும் ஒரு பக்கம், அவை திரையில் எப்படித் தெரியவேண்டும் என்ற வடிவமைப்பு இன்னொரு பக்கம். நீங்கள் ஒரு படிவத்தில் தலைப்பையும் கட்டுரையையும் எழுதி, படத்தைச் சேர்த்து, வெளியிடும் பொத்தானை அழுத்தினால் போதும். மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவருக்கு இது சிரமமில்லை.

உலகில் அதிகம் பயன்படும் சிஎம்எஸ் வேர்ட்பிரஸ். இன்று உலகிலுள்ள இணையத்தளங்களில் பத்துக்கு நான்கு அதில்தான் இயங்குகின்றன. ட்ரூபல், ஜூம்லா ஆகியனவும் இதே வகை. விக்கிப்பீடியாவுக்காக உருவாக்கப்பட்ட மீடியாவிக்கியையும் பலர் இதே தேவைக்குப் பயன்படுத்துகிறார்கள். நான்கும் திறந்த மூல மென்பொருள்கள்.

வேர்ட்பிரஸ் தளமொன்றைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது மென்பொருள், அது எல்லோருக்கும் ஒன்றுதான், போனால் திரும்பத் தரவிறக்கலாம். இரண்டாவது தரவுத்தளம், நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும், திகதியும், எழுதியவரின் பெயரும் அதில் இருக்கும். சங்கத்தின் கணக்குக் கொப்பி மாதிரி. மூன்றாவது, நீங்கள் பதிவேற்றிய படங்களும் ஒலிப்பதிவுகளும் கிடக்கும் கோப்புறை. இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே உங்களுடைய சொத்து. அந்த இரண்டின் பிரதி கையில் இருந்தால், சேவையகம் எரிந்தாலும் வேறொரு இடத்தில் தளத்தை மீண்டும் எழுப்பலாம்.

இந்த மூன்றும் இருக்கும் எப்போதும் இயங்கும் கணினியைச் சேவையகம் என்கிறோம். அதில் மாதத்துக்கோ வருடத்துக்கோ கட்டணம் கட்டி இடம் எடுக்கலாம். அந்த இடத்துக்கு ஆட்கள் வந்துசேரும் முகவரிதான் டொமைன் எனப்படும் ஆள்களப் பெயர். இலங்கைக்குரிய பெயர்களைத் தமிழிலேயே ‘.இலங்கை’ என்று முடியும்படி பதியும் வசதி 2010 முதல் இருக்கிறது.

‘இலவசம்’ என்பது மட்டுமல்ல

திறந்த மூலம் என்றவுடன் காசு கொடுக்கத் தேவையில்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் முக்கியமான உண்மை அதுவல்ல. வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வெளிவருகிறது. அந்த உரிமம் நான்கு உரிமைகளைத் தருகிறது: எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம், பிரதியைப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றிய வடிவத்தையும் பகிரலாம்.

சாதாரண ஊர்ச் சங்கத்துக்கு இதனால் என்ன? வேர்ட்பிரஸ் பிறந்த கதையே பதில். பி2 என்ற சிறிய வலைப்பதிவு மென்பொருளை மிஷெல் வால்ட்ரிகி என்ற இளைஞர் எழுதிவந்தார். 2002இன் இறுதியில் அவர் வேலையை நிறுத்திவிட்டுக் காணாமற்போனார்; பயன்படுத்தியவர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பி2 ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால், அமெரிக்காவில் மாணவராக இருந்த மெட் முல்லன்வெக்கும் இங்கிலாந்திலிருந்த மைக் லிட்டிலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27ஆம் திகதி முதலாவது வேர்ட்பிரஸ் வெளிவந்தது. 2005இல் மம்போ என்ற மென்பொருளின் நிர்வாகத்தில் பிரச்சினை வந்தபோது, அதை எழுதியவர்கள் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி ஜூம்லாவைத் தொடங்கினார்கள்.

ஒருவர் போனாலும் வேலை நிற்காது. ஒரு நிறுவனம் கதவைப் பூட்டினாலும் உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

எங்கள் மத்தியில் நடந்தது

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. பல ஓலைச்சுவடிகளுக்கு உலகில் வேறு பிரதி இருக்கவில்லை. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக வைத்திருப்பதன் விலையை அந்த இரவு காட்டியது.

2005இல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் சிலர் தன்னார்வமாகத் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் மீடியாவிக்கியில் கட்டப்பட்டது. நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் எனப் பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் இன்று அங்கே இருக்கின்றன. வடக்கு கிழக்கோடு மலையகம், முஸ்லிம் சமூகம் சார்ந்த ஆவணங்களும் உண்டு. பின்னர் படங்கள், ஒலிப்பதிவுகள், கையெழுத்துப் பிரதிகளுக்காக அந்த நிறுவனம் ‘ஆவணகம்’ என்ற தளத்தை ஐலண்டோரா என்ற மென்பொருளில் அமைத்தது. அதன் அடியில் இருப்பது ட்ரூபல். உரிமம் வாங்க இலட்சக்கணக்கில் செலவழிக்கவேண்டியிருந்தால், தன்னார்வலர்கள் இப்படியொரு வேலையைத் தொடங்கியே இருக்கமாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களைப் பதியவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் இலங்கை மென்பொருளாளர்கள் ‘சஹானா’ என்ற திறந்த மூல முறைமையை அவசரமாக எழுதினார்கள். அது சிஎம்எஸ் அல்ல, ஆனால் அதே வழியில் வந்தது. இங்கே எழுதிய நிரல் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது.

சிலாபத்தில் நடந்ததை மறக்கக்கூடாது

“எல்லாரும் பேஸ்புக்கிலதானே நிக்கிறாங்க, ஏன் தனித் தளம்?” என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் மாவட்டத்திலேயே பதில் இருந்தது.

2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில், முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் பேஸ்புக்கில் எழுதிய ஒரு வரி அச்சுறுத்தல் என்று விளங்கிக்கொள்ளப்பட்டு, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்த நாள் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. எங்கள் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். அரசாங்கம் சமூக வலைத்தளங்களைத் தடைசெய்தது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் அதே தடை இருந்தது.

வதந்தி ஓடும் நேரத்தில் ஊர்ச் சங்கமோ பள்ளிவாசல் நிர்வாகமோ உண்மையைச் சொல்ல வைத்திருந்த ஒரே வாசலும் அதனோடு பூட்டப்படுகிறது. தனித் தளம் இருந்தால் அன்றைக்கும் அறிக்கையைப் போட ஓர் இடம் இருக்கும். முழுமையாக எழுதலாம், எவரோ வெட்டி ஒட்டிப் பரப்பினால், முழுதும் இங்கே இருக்கிறது என்று இணைப்பைக் கொடுக்கலாம்.

இதற்காகத் தனித் தளத்தைத் தடுக்க முடியாது என்று சொல்லமாட்டேன். 2007 ஜூனில் தமிழ்நெட் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 2011 நவம்பரில் பல செய்தித் தளங்கள் தடைசெய்யப்பட்டு, செய்தித் தளங்கள் பதியவேண்டும் என்று ஊடக அமைச்சு அறிவித்தது. வித்தியாசம் இதுதான்: தடுக்கப்பட்ட தளத்தின் உள்ளடக்கம் அதை நடத்துபவரிடமே இருக்கும். வேறு முகவரிக்கு மாற்றலாம், இன்னொரு சேவையகத்தில் பிரதி வைக்கலாம். பறிக்கப்பட்ட பக்கத்துக்கு அந்த வழி இல்லை.

நாங்கள் செய்த ஒழுங்கு

முதல் வேலை கணினியில் தொடங்கவில்லை. சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் தொடங்கியது. தளத்தின் பெயர் சங்கத்தின் பெயரில் பதியப்படவேண்டும். அதற்கென்று சங்கத்துக்குத் தனி மின்னஞ்சல் திறக்கவேண்டும். கடவுச்சொற்களை எழுதிய கடதாசி மூடிய உறையில் பொருளாளரிடம் இருக்கவேண்டும். நிர்வாகம் மாறும்போது கடவுச்சொல்லும் மாறவேண்டும். இந்த நான்கும் தீர்மானமாக எழுதப்பட்டன. பெயருக்கும் இடத்துக்கும் ஒவ்வொரு வருடமும் கட்டவேண்டிய கட்டணத்தைச் சந்தாப் பணத்தில் ஒதுக்கினார்கள். கட்டும் மாதத்தைக் காலண்டரில் குறித்தார்கள். முதல் தளம் போனதே அந்த ஒரு திகதியை யாரும் கவனிக்காததால்தான்.

பிறகு வேர்ட்பிரஸை நிறுவினோம். பெரும்பாலான சேவையகங்களில் இது சில நிமிட வேலை. கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் தமிழிலும் வைக்கலாம். அதன் தமிழாக்கம் தன்னார்வலர்களின் உழைப்பு. வடிவமைப்புக்கு அதிகாரபூர்வ வேர்ட்பிரஸ் தளத்திலுள்ள எளிய, பாரம் குறைந்த ஒன்றை எடுத்தோம். குடாநாட்டில் பலர் சின்னத் தொலைபேசியில் டேட்டா அட்டை போட்டுத்தான் பார்க்கிறார்கள். படங்களைச் சுருக்கிப் போடாவிட்டால் பக்கம் திறக்குமுன் டேட்டா முடிந்துவிடும். மூலப்படத்தைச் சுருக்காமல் வேறாக வைத்துக்கொண்டு, தளத்துக்குச் சுருக்கிய பிரதியை மட்டும் அனுப்பினோம்.

வேர்ட்பிரஸில் ஆளுக்கு ஏற்ற அதிகாரம் கொடுக்கலாம். நிர்வாகி எல்லாவற்றையும் மாற்றலாம். தொகுப்பாளர் எல்லாக் கட்டுரைகளையும் திருத்தி வெளியிடலாம். எழுத்தாளர் தனது கட்டுரையை வெளியிடலாம். பங்களிப்பாளர் எழுதி வைக்கலாம், ஆனால் வெளியிட முடியாது. நிர்வாகி இருவர் மட்டும். தொகுப்பாளராக ஆசிரியப் பயிற்சி பெறும் இளம் பெண் ஒருவர் பொறுப்பெடுத்தார். மற்ற இளைஞர்கள் பங்களிப்பாளர்கள். சிலாபத்து அனுபவத்துக்குப் பிறகு, இரண்டு கண் பார்க்காமல் ஒரு வரியும் வெளியே போகக்கூடாது என்பதில் செயலாளர் உறுதியாக இருந்தார்.

அடுத்த தடங்கல் எழுத்துரு. சங்கத்திடமிருந்த பழைய கட்டுரைகளும் பெயர்ப்பட்டியல்களும் பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி தமிழ் எழுத்தின் படத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒளித்து வைக்கிறது. அதை அப்படியே ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். கூகுளில் தேடினாலும் கிடைக்காது. எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றிய பின் ஒருமுறை வாசிக்கவேண்டும். பெயர்ப்பட்டியலில் ஓர் எழுத்து மாறினால் ஒருவரின் வாப்பாவின் பெயர் மாறிவிடும்.

எதைப் போடக்கூடாது

எனக்குக் கடினமாக இருந்த பகுதி இது. பழைய பக்கத்தில் காணி உறுதிகளின் படங்கள், அடையாள அட்டை இலக்கங்கள், உயிரோடிருப்பவர்களின் சாட்சியங்கள் எல்லாம் பெயரோடு கிடந்திருக்கின்றன. அவற்றையும் மீண்டும் போடவேண்டும் என்று சிலர் விரும்பினார்கள். வேண்டாம் என்றேன்.

உறுதியின் படம் பொதுவெளியில் இருந்தால் போலி உறுதி எழுதுபவருக்கு அது உதவி. அடையாள அட்டை இலக்கமும் அப்படியே. சாட்சியம் இன்னும் பாரமான விடயம். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் தொகை சுமார் 75,000 என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். விடுதலைப் புலிகள் செய்த அந்த வெளியேற்றத்தைப் பற்றித் தமிழர்களாகிய நாம் இன்னும் போதியளவு பேசவில்லை, இந்தச் சாட்சியங்கள் எங்களுக்கும் தேவை. 2011இல் பிரஜைகள் ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டதற்கும் மக்கள் துணிந்து பேசியதே அடிப்படை. ஆனால் பேசியவர் யார், எங்கே இருக்கிறார் என்பதை ஊருக்கெல்லாம் காட்டுவது அவருடைய முடிவாக இருக்கவேண்டும், நமது முடிவாக அல்ல. முன்னாள் போராளிகளின், காணாமலாக்கப்பட்டோர் குடும்பங்களின் கதைகளைச் சேகரிக்கும் வடக்கு கிழக்குச் சங்கங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒலிப்பதிவைப் போடுமுன் ஒரு மூதாட்டியிடம் சம்மதம் கேட்கப் போனோம். “சொன்னத போடுங்க மகன். என்ட பேர போடாதீங்க. மகள்ட வீட்டுக்காரர் பயப்படுவார்” என்றார். பெயரில்லாமல் போட்டோம். பெயரோடு கூடிய மூலப்பதிவு சங்கத்தின் வன்தட்டில் மட்டும் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத தகவல்களும் உண்டு. தொலைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அமைவிடம் பதிந்திருக்கலாம். பதிவேற்றுமுன் அதை நீக்கவேண்டும். வேர்ட்பிரஸில் ஒருவர் கருத்து எழுதினால் அவருடைய மின்னஞ்சலும் ஐபி முகவரியும் தரவுத்தளத்தில் சேமிக்கப்படும். நாங்கள் கருத்துப் பகுதியை மூடினோம். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கும் நாட்டில், தேவையில்லாத தகவலைச் சேர்த்து வைக்காதிருப்பதே முதற் பாதுகாப்பு.

கவனிக்க ஆள் வேண்டும்

திறந்த மூலம் என்றால் யாரும் நுழையலாம் என்பதல்ல. நிரல் வெளிப்படையாக இருப்பதால் குறையைப் பலர் கண்டு திருத்துகிறார்கள். ஆனால் திருத்தம் வந்த பிறகும் உங்கள் தளத்தைப் புதுப்பிக்காவிட்டால் பழைய ஓட்டை அங்கேயே இருக்கும். 2013இல் வந்த 3.7ஆம் பதிப்பு முதல் சிறிய பாதுகாப்புத் திருத்தங்களை வேர்ட்பிரஸ் தானாகவே போட்டுக்கொள்கிறது. செருகுநிரல்கள் எனப்படும் கூடுதல் வசதிகளில்தான் பெரும்பாலான ஓட்டைகள் வருகின்றன. தேவையானதை மட்டும் போடுங்கள், தேவையில்லாததை நிறுத்திவைக்காமல் அழித்துவிடுங்கள்.

நான் முன்பு விட்ட பிழை ஒன்று. காசுக்கு விற்கும் வடிவமைப்பொன்று எங்கோ இலவசமாகக் கிடைத்தது என்று எனது சொந்தத் தளத்தில் போட்டேன். அதற்குள் யாரோ ஒளித்துவைத்த நிரல் வாசகர்களை வேறு தளங்களுக்குத் திருப்பியது. மூன்று நாள் எனக்குத் தெரியாது. பிரதி இருந்ததால்தான் மீண்டேன்.

ஆகவே பிரதி. மாதத்தின் முதல் சனிக்கிழமை தரவுத்தளத்தையும் படக் கோப்புறையையும் அந்தத் தொகுப்பாளர் தங்கை தரவிறக்கி, இரண்டு வன்தட்டுகளில் போடுகிறார். ஒன்று செயலாளர் வீட்டில், மற்றது மன்னாருக்குத் திரும்பிப்போன குடும்பமொன்றிடம். ஒரே ஊரில் இரண்டையும் வைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து தளத்தை எனது மடிகணினியில் எழுப்பிப் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியை நம்பக்கூடாது. முதல் தடவை படங்கள் இல்லாமல் எழுத்து மட்டும் வந்தது. “அண்ணா, நாங்க கோப்புறைய மறந்துட்டம்” என்று சிரித்தார். தளம் உயிரோடிருக்கும்போதே கண்ட பிழை என்பதால் சிரிக்க முடிந்தது.

மாதத்தில் சில மணித்தியாலம் ஒதுக்க ஆள் இல்லையென்றால் தளம் தொடங்கவேண்டாம் என்பதே எனது ஆலோசனை. கைவிடப்பட்ட வீட்டைப் போலவே கைவிடப்பட்ட தளத்திலும் வேறு யாரோ குடியேறுவார்கள். அப்படியான சங்கங்கள் தங்களிடமுள்ள மலர்களையும் படங்களையும் நூலகம் போன்ற ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். தளம் நடத்துபவர்களும் கொடுப்பது நல்லது. பேஸ்புக்கையும் விடத் தேவையில்லை. கட்டுரை சொந்தத் தளத்தில் இருக்கட்டும், அதன் இணைப்பு பேஸ்புக்கில் போகட்டும்.

இப்போது

தளம் தொடங்கிச் சில மாதங்களாகிவிட்டன. காணாமற்போன படங்களில் ஒரு பகுதி, பல நாடுகளில் இருக்கும் உறவினர்களின் தொலைபேசிகளிலிருந்து திரும்பக் கிடைத்திருக்கிறது. மற்றவை போனவைதான். இறந்தவர்களின் குரல்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கடைசியாகப் போனபோது செயலாளர் அந்தப் பிளாஸ்டிக் பையை மீண்டும் எடுத்துவந்தார். காணி உறுதிக்குப் பக்கத்தில் ஒரு புதிய கடதாசி இருந்தது. தளத்தின் பெயர் சங்கத்துக்குச் சொந்தம் என்று காட்டும் பதிவின் அச்சுப் பிரதி, கீழே அடுத்த கட்டணத் திகதி சிவப்புப் பேனாவால் எழுதப்பட்டிருந்தது.

“இத நான் மௌத்தாப் போனாலும் இவங்க கட்டணும் தம்பி” என்றார், பக்கத்தில் நின்ற பிள்ளைகளைக் காட்டி.

உங்கள் ஊரின் தளமோ பக்கமோ ஏற்கெனவே இருந்தால், இன்றைக்கே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அதன் உறுதி யார் பெயரில் இருக்கிறது? பதில் உடனே வராவிட்டால், வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.